ஏழாம் படி

படிகளை நான் காலால் எண்ணுவதில்லை,
டேப்பால்.
உயரம் ஏழரை அங்குலம், அகலம் ஒன்பது.
இந்தத் தாமான் வீடுகள் அத்தனைக்கும்
ஒரே காண்ட்ராக்டர், ஒரே கோணல்.
பீடோரில் கொய்யாக் கடைகளைத் தாண்டி
செம்பனைக்கு முதுகைக் காட்டி நிற்கும் கடைசி வரிசையில்
மருதப்பன் வீடு.
பதின்மூன்று படி.

கொண்டுபோன தண்டவாளம் பதினான்கு படிக்கு.
ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே
இரண்டு வருடம் ஏறி இறங்கிய நாற்காலி.
அவர் போன மறுமாதமே
மகள் கழற்றச் சொல்லிவிட்டாள்.
வலது கைப்பிடியில் மோதிரம் உரசிய கோடு.
துடைத்தேன், போகவில்லை.
ஒரு படி நீளத்தை வெட்டி எடுத்தோம்.
அஸ்மான் கிரைண்டரை அணைத்ததும்
வீடு முழுக்க இரும்பு சுட்ட வாடை,
அதற்கும் மேலே மீன் குழம்பு.

மருதப்பன் குலை லாரி ஓட்டியவர்.
தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையே இருபத்தாறு வருடம்
கிளட்சை மிதித்த கால்தான் போனது.
இனிப்புநீர். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே.
பாரத்தில் எழுத எடை கேட்டேன்.
"காலோடயா, கால் இல்லாமயா?"
என் பேனா நின்றதைப் பார்த்துச் சிரித்தார்.
எண்பத்திரண்டு என்றார்.

சோபாவில் தலையணை. மடித்த போர்வை.
டிவிக்குக் கீழே மாத்திரை டப்பா, சவரக் கண்ணாடி,
ரெண்டு பனியன்.
கை எட்டும் தூரத்துக்குள் சுருங்கிய ஒரு வீடு.
மூன்று வருடம்.
பணம் சிங்கப்பூர் மகன் அனுப்பியது.
இவர்கள் கேட்டார்களா, தெரியாது.

புஷ்பவல்லி மேலே நின்று என்னிடம் சொன்னார்:
"பெல்ட் போடணும்னு அவருகிட்ட சொல்லுங்க."
அவர் கீழே உட்கார்ந்து என்னிடம் சொன்னார்:
"சுவரு விரிசல் விடுமான்னு அவ கேப்பா, சொல்லிடுங்க."
சுவரில் இல்லை, படியில்தான் பிடிக்கிறோம் என்று
இரண்டு பக்கமும் சொன்னேன்.
இதற்குக் கூலி ரசீதில் இடமில்லை.

ஓட்டிப் பார்க்க அவர் வரவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம்."
அஸ்மான் தொண்ணூறு கிலோ. அவனே உட்கார்ந்து
கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறினான்.
இறங்கும்போது கையில் ஒரு கப் மைலோ.
மருதப்பன்
நாற்காலியைப் பார்த்ததைவிட
அந்தக் கப்பை அதிக நேரம் பார்த்தார்.

கிளம்பும்முன் வழக்கமாய்ச் சொல்வதைச் சொன்னேன்:
சார்ஜ் மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான்.
நடுவில் நிறுத்தாதீர்கள்.
நிறுத்தினால் கத்தும்.

ராத்திரி இரண்டு பத்துக்குப் போன்.
"தம்பி, இது கத்துது."
நாற்காலி எங்கே நிக்குது அண்ணே?
பீப்.
"ஏழாம் படியில."
கரண்டு போச்சா?
"இல்ல."
மாட்டிக்கிச்சா?
"இல்ல தம்பி."
பீப்.
யாரு உட்கார்ந்திருக்கா?
"நான்தான்."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"அவ ரூம்ல லைட்டு எரியுது."

கையேட்டில் இதற்கு ஒரு வரி உண்டு:
மேலேயோ கீழேயோ கொண்டு செல்லவும்.
அதைத்தான் நானும் சொன்னேன், வேறென்ன சொல்ல.
இரண்டு பீப் கழிந்தது.
எங்கோ தாழ்ப்பாள் விலகும் சத்தம்.
அப்புறம் புஷ்பவல்லியின் குரல்,
தூக்கம் கலைந்ததாக இல்லை,
என்னிடமும் இல்லை:
"பெல்ட் போட்டிருக்கீங்களா?"

அவர் என்ன சொன்னாரோ.
போன் மடியில் விழுந்திருக்க வேண்டும், துணி உரசியது.
எடையோடு ஏறும்போது மட்டும் இந்த மோட்டார்
தொண்டை கட்டியதுபோல் முனகும்.
அது கேட்டதும்
வைத்துவிட்டேன்.

வெட்டிய ஒரு படி
இன்னும் வேன் பின்னால் கிடக்கிறது,
வளைவுகளில் இடிக்கிறது.