காறை எலும்பு

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது.
ஏறுவதற்கென்று இருப்பது
பாம்பன் பாலத்தின் முதுகு மட்டும்தான்.
ஞாயிறு வெளுக்குமுன்
பதினான்கு முறை ஏறி இறங்குவோம்.
எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்
ஆல்ப்ஸின் கணுக்கால் வரைக்கும் வரும் என்பான்
மருந்துக்கடை நூருல் அமீன்.

மலைக்கு உச்சி உண்டு.
எங்களுக்கு வாய்த்தது கச்சான் காற்று.
மண்டபத்துக்குப் போகையில் முதுகில் தட்டி அனுப்பும்,
நாமே பெரிய வீரர் என்று நம்ப வைக்கும்.
திரும்புகையில் நெஞ்சில் கைவைத்து
எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கும்.
ஐஸ் கம்பெனி சூசை மிக்கேலின்
அகன்ற முதுகுக்குப் பின்னால்
நான்கு வருடம் ஒளிந்தே ஓட்டினேன்.
அவன் பனியன் தையல் எத்தனை என்று
இன்றைக்கும் சொல்வேன்.

வைகாசிக் கடைசியில்
சாத்தக்கோன்வலசை விலக்கருகே ஒரு வெள்ளாடு.
மந்தை ரோட்டைக் கடந்துவிட்டது.
அது மட்டும் நடுவில் நின்று
எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

தாரில் கன்னம் ஒட்டிக் கிடந்தபடி
நான் முதலில் கேட்டது: சைக்கிள்?
ஓடிவந்தவர் கேட்டது: ஆடு?
ஆடு நன்றாக இருந்தது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் வயதைக் கேட்டார்.
நாற்பத்து மூன்று.
ரேஸா?
இல்லை சார், பயிற்சி.
எதுக்குப் பயிற்சி?
காறை எலும்பு வலித்ததென்று
பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில்
ஊரார் பெருவிரலைப் பிடித்து உருட்டுகிறவன்
எட்டு வாரம்
சம்பளப் பட்டியலில் இடது கையால் கிறுக்கினேன்.
கட்டு அவிழாத கையோடு
ஹாலில் உருளைமேல் நிறுத்திய சைக்கிளை மிதித்தேன்.
முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது.
எதிர்ச்சுவர் காலண்டர்
அதே முருகனோடு அதே இடத்தில்.

ஜூலை மாலைகளில் பிரான்ஸ் பந்தயம்.
செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன்.
சூரியகாந்தி வயல், கோட்டை, ஹெலிகாப்டர்.
பதினோராம் நாள் மழையில்
பெயர் தெரியாத ஒருவன் வழுக்கி விழுந்தான்.
எழுந்து உட்கார்ந்து
இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.
அப்படிப் பிடித்தால் என்னவென்று
எனக்குத் தெரியும்.
கேமரா அவனை விட்டுவிட்டு முன்னால் போயிற்று.
மறுநாள் பட்டியலைக்
கீழிருந்து மேலாகத் தேடினேன்.
முதலிடம் யாரென்று பார்க்கவே மறந்துபோனேன்.

ஆவணி. மறுபடி ரோடு.
அந்த விலக்கு வருமுன்பே
இரண்டு பிரேக்கிலும் என் விரல்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சூசை மிக்கேல் இடப்புறம் முன்னேறினான்,
அவன் தோளுக்குச் சற்று வலமாக டிரில் டீச்சர் பூமயில்,
அவளுக்கு வலமாக அமீன்,
கடைசியில் காற்றில்லாத ஒரு பொந்து, எனக்கு.
டிவியில் பார்த்த அதே சாய்ந்த கோடு.
பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போக
பின்னால் மதுரை பஸ்
ஹாரனிலிருந்து கையெடுக்கவே இல்லை.

உச்சிப்புளி தாண்டியதும்
என் முறை என்று முன்னால் போனேன்.
காற்று என்னை மறக்கவில்லை.
நாற்பது எண்ணினேன்.
கேட்டவர்களிடம் அறுபது என்றேன்.
சக்கரம் தள்ளாடுவதைப் பார்த்துப் பூமயில்
பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அப்போதுதான் எங்களைத் தாண்டியது
நெத்திலிக் கூடை கட்டிய ஒரு டிவிஎஸ்,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
நான்கு பேரும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டோம்.
பந்தயத்தில் இது பெருங்குற்றம்.
முகமெல்லாம் உப்பும் செதிலும்.
வாயைத் திறக்க முடியாத நாற்றத்தில்
காற்று அறவே இல்லை.

ஓட்டியவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
வேகம் கொஞ்சம் குறைந்தது.
எங்களுக்காகவா,
வண்டிக்கே அவ்வளவுதான் சக்தியா,
கேட்டுக்கொள்ளவில்லை.