இடப்பக்கத்து மிதி

மணிமுத்தாறு செக்போஸ்ட் இறக்கத்தில்
ஈரச் செருப்போடு பிரேக்கை மிதித்தேன்,
கால் வழுக்கி ஓரமாய்ப் போனது.
வண்டி நின்றது. நிற்கத்தான் செய்தது,
கொஞ்சம் தள்ளி.
"மாடு" என்றேன் ஞானதீபத்திடம்.
மாடு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வந்து
கைலியை மடித்துக் கட்டி
தலைகீழாக உள்ளே நுழைந்தேன்.
கியர் கம்பி விலாவில் குத்த,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி,
நெற்றிக்கு நாலு விரற்கடை தூரத்தில்
முதல்முறையாகப் பார்த்தேன் அந்தப் பிரேக்கை.

ஏழு வரி இருக்க வேண்டிய ரப்பர்.
இடது ஓரத்தில் ஏழும் அப்படியே.
வலது ஓரத்தில் மூன்றைக் காணோம்,
மூலையில் தகடு இளித்துக்கொண்டிருந்தது.
ஆக்சிலேட்டரிலிருந்து தாவி வருகிற கால்
பதினான்கு வருஷமாக
அந்த மூலையில்தான் விழுந்திருக்கிறது.
பணகுடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளியதில் ஒரு வரி.
மூன்றடைப்பில் கிடை ஆடெல்லாம் கடந்த பின்
கடைசிக் குட்டி நடுரோட்டில் நின்று
யோசித்ததே, அதில் ஒரு வரி.
மூன்றாவதற்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிளட்ச் ரப்பர் வேறு மாதிரி,
நடுவில் குழிந்து வழவழவென்று.
ஜங்ஷன் நெரிசலில் பாதிக் கால் வைத்தே
ஊர்ந்துபோகிறவனின் ரப்பர்.

இரண்டையும் உரித்துச் சட்டைப் பையில் போட்டு
ஸ்கூட்டரில் வண்ணார்பேட்டை போனேன்.
மீராசா பாய்க்கு வெள்ளிதான் விடுமுறை.
வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர்
"பயந்து ஓட்டுதீங்க அண்ணாச்சி" என்றார்.
"எத வச்சுச் சொல்லுதீங்க?"
"ஆக்சிலேட்டர் ரப்பரு கேக்க வரலயே."
ஜோடி நூற்றுப் பத்து ரூபாய்.
பழசை என்ன செய்ய என்று கேட்டார்,
தெரியாமல் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

புது ரப்பர் லேசில் ஏறவில்லை.
மேல் உதட்டை மாட்டினால் கீழ் உதடு நழுவும்,
கீழே பிடித்தால் ஓரம் துருத்தும்.
சோப்புத் தண்ணீர் தடவி
கரண்டிக் காம்பால் நெம்பி
சவத்த எளவு, ஏறித் தொலை என்று
பூசைக்குப் போய்வந்த வாயால் சொன்ன பிறகு
'சப்' என்று உட்கார்ந்தது.
கட்டைவிரலால் நாலு மூலையும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வந்ததுதான் வந்தோம் என்று மிதியடிகளையும் உருவினேன்.
என் பக்கத்தில் உவரிக்குப் போய்வந்த செந்தேரி மண்,
இரண்டு புளியங்கொட்டை,
எழுத்தழிந்த பெட்ரோல் ரசீது.

அவள் பக்கத்து மிதியடியை உதறும்போது
வெயில் அதன் வழியே தரையில் விழுந்தது.
வலது காலின் முன்பாதம் அளவுக்கு
வரியெல்லாம் அழிந்து, மெலிந்து, ஓட்டை.
கொஞ்சம் கீழே, குதிகால் ஊன்றிய பள்ளம்.
அந்தப் பக்கம் மிதிக்க ஒன்றும் கிடையாது.
வெறும் தகரம், அதன்மேல் கம்பளம்.
என் ரப்பரில் போனது மூன்று வரி.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேனோ,
கொடியில் துணி போட வந்தவள் பார்த்துவிட்டாள்.
வாளியைக் கீழே வைக்கவில்லை.
"அன்னைக்கு மாடு ஒண்ணும் வரலன்னு
எனக்குத் தெரியும்" என்றாள்,
கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே.

சாயங்காலம் சோதித்துப் பார்க்கப் போனோம்.
ஈரடுக்கு மேம்பாலத்து இறக்கம்,
கீழே ஒரு பஸ் ஆளை இறக்கிக்கொண்டிருந்தது.
பைய, என்றாள். மிதித்தேன்.
ரப்பர் செருப்பைக் கவ்விப் பிடித்தது,
நினைத்ததற்கு ஒரு முழம் முன்னாலேயே
வண்டி குலுங்கி நின்றது.
ஓரக்கண்ணால் பார்த்தேன்,
மிதியடி இல்லாத வெறும் கம்பளத்தில்
அவள் கால் இன்னும் அழுந்தியே இருந்தது.
நானும் என் காலை எடுக்கவில்லை.

பின்னால் ஆட்டோக்காரன்
"வண்டிய எடும்வே" என்றான்.