உள்ளே வெளியே

சனிக்கிழமை ஏழு மணிக்கு
காஜா மிஷின் நாலும் நின்றுவிட்டன.
கலாமணி துப்பட்டாவில் நூல்பிசிறைத் தட்டியபடி நின்றாள்.
மைதிலி நின்றாள்.
ஒடிசாப் பையன் பிபின் செருப்பை மாட்டாமல் நின்றான்.
நாளைக் காலையில தர்றனுங்க, என்றேன்.
நாளைக் காலை எத்தனை நாள் என்று
திருப்பூரில் எல்லோருக்கும் எண்ணத் தெரியும்.

தெய்வசிகாமணி தரவேண்டிய பில்
முப்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது.
மூன்று மாதமாக அவருடைய செக்
புதன்கிழமை வந்துகொண்டே இருக்கிறது.
போனை எடுக்கவில்லை. நேரில் போனால் வீட்டம்மா
"அவிங்க கிளப்புக்குப் போயிட்டாங்க" என்றார்,
கோயிலுக்கு என்பதுபோல.

எந்தக் கிளப்பு?

அவிநாசி ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடி.
மனமகிழ் மன்றம், பதிவு எண்ணோடு பலகை.
உள்ளே ஏசி, பச்சைத் துணி விரித்த மேஜைகள்,
பதின்மூன்று சீட்டை விசிறியாய்ப் பிடித்த கைகள்.
மகிழ்ந்த முகம் ஒன்றுகூட இல்லை.
"இப்பத்தான் எந்திரிச்சாப்ல,
மங்கலம் ரோடு போய்ப் பாருங்க."

மங்கலம் ரோட்டில்
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
அங்கே காசு கிடையாது, டோக்கன்.
மஞ்சள் ஐந்நூறு. சிவப்பு ஆயிரம்.
நான் நாளெல்லாம் தைக்கிற பட்டன்தான்
ஓட்டை தூர்ந்து, தடித்துப்போய்
அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.
என் பட்டன் ஒன்றுக்கு முப்பது பைசா.
"அவரு பல்லடம் பக்கம். இந்நேரம் பெரிய ஆட்டம்."

கோழி ஏற்றிப் போய் ரெண்டு நாளான ப்ராய்லர் ஷெட்.
சுண்ணாம்பு அடித்த தரை,
கயிற்றில் உயரத் தூக்கிக் கட்டிய தீவனத் தட்டுகள்,
கண்ணைக் கரிக்கும் வாடை.
குஞ்சுகளுக்குப் போடுகிற அதே மஞ்சள் பல்பின் கீழே
இருபது பேர், குத்தவைத்து.
நடுவில் தெய்வசிகாமணி. மடியில் கட்டு.
என்னைக் கண்டதும்
"வாங்க வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.
பில்லு, என்றேன்.
"அது புதன்கிழமைங்க.
இன்னிக்குச் சனிக்கிழமைதானுங்களே."

என்னிடம் மூவாயிரம் இருந்தது,
கரண்ட் பில்லுக்கு வைத்தது.
அவர் உள்ளே என்றார்.
நான் வெளியே என்றேன். எனக்கு அதுதான் பழக்கம்.
சீட்டு வெளியே விழுந்தது.
ஆறு.
பன்னிரண்டு.
இருபத்து நாலு.
ஒவ்வொரு தடவையும் அவர்
எச்சில் தொட்டு எண்ணி, முகம் சுளிக்காமல்
உடனே கொடுத்தார்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
கூலிக்குத் தொண்ணூறு நாள். சீட்டுக்கு அரை நிமிஷம்.
ஒன்பதைக் காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு
பதினைந்தை வைத்தேன்.
அதுவும் வெளியே.

எழுந்தேன். ஜெயித்தவன் பாதியில்
எந்திரிக்கக் கூடாதென்று ஒருவன் கையைப் பிடித்தான்.
தெய்வசிகாமணிதான் "விடப்பா" என்றார்.
அப்ப நம்ம பில்லு கழிஞ்சுதுங்களா, என்றேன்.
சிரித்தார்.
"பில்லு வேற, ஆட்டம் வேறங்க."

ஞாயிறு காலை சம்பளம்.
கலாமணி நோட்டை மூக்குக்குக் கொண்டுபோனாள்.
"கோழி வாசமடிக்குதுங்ணா."
பார்ட்டி பண்ணையும் வச்சிருக்காப்ல, என்றேன்.
ஜெயித்ததில் பில்லுக்கு மேலே
ஆயிரத்து முன்னூற்று ஐம்பது.
அதை வட்டி என்று நினைத்துக்கொண்டு
பட்டன் டப்பாவுக்கடியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பிபினின் மனைவி மினதி வந்தாள்,
இடுப்பில் குழந்தையோடு.
தெய்வசிகாமணி கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள்.
அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:
"சனிக்கிழமை அங்கே யாருக்கும் சம்பளம் இல்ல.
புதன்கிழமை சொல்லுது."

டப்பாவை நகர்த்தினேன்.
ஆயிரத்து முன்னூற்று ஐம்பதையும்
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தேன்.
கும்பிட்டுவிட்டுப் போனாள்.
நோட்டில், பிபின் பேருக்கு நேரே,
அட்வான்ஸ் என்று எழுதிவைத்தேன்.