கடல் திருத்தம்

சவரிமுத்து சாரின் வயலில்
பத்தடிக்கு ஒரு குவியலாய் மண்ணை
வரப்போரம் வைத்துக்கொண்டே போனான் போர் போடுகிறவன்.
வண்டல். களி. மறுபடி களி.
அறுபதடிக் குவியலில், கறுப்புச் சேற்றில்,
கட்டைவிரல் நகமளவு ஒரு கிளிஞ்சல்,
இரண்டு ஓடும் மூடியபடி.
தண்ணீர் உப்பு. துளையை மூடிவிட்டார்கள்.

திருத்துறைப்பூண்டியில் எங்கள் ஆசிரியர் அறை.
சோற்று டப்பா மூடியில் கிளிஞ்சலை வைத்ததும்
"நோவா காலத்து வெள்ளம்" என்றார் சார்.
கணக்கு வாத்தியார்.
"மொத்த உலகத்துக்கும் வயசு ஆறாயிரம்."
வெள்ளம் அடித்து வந்திருந்தால் ஓடு பிரிந்திருக்கும்,
இது இருந்த இடத்திலேயே செத்தது என்றேன்.
"வெறும் ஆறாயிரமா?"
தமிழய்யா குஞ்சிதபாதத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
"கலியுகமே நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.
டீச்சர், உங்க விஞ்ஞானம் என்ன சொல்லுது?"
நானூற்றைம்பது கோடி.
ஒருவருக்கு அது ஊதாரித்தனம்.
"பிரம்மாவுக்கு ஒரு பகல்" என்று மற்றவர்
சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

"சரி, ஆறாயிரமோ ஆறு கோடியோ,
முத்துப்பேட்டை அலையாத்தியில் இன்னைக்கும்
இதே கிளிஞ்சல்தானே கிடக்கு?
கால் முளைச்சுதா?"
முளைக்கவில்லை, சார்.
முளைக்கவேண்டிய அவசரம் அதற்கு வரவில்லை.

என்னோடு படித்த மெஹருன்னிசா
தன் சாம்பிள்களோடு சாம்பிளாய் அதை ஆய்வுக்கூடத்தில் சேர்த்தாள்.
பாதி, அதில் பாதி, அதிலும் பாதி:
கார்பன் தேய்வதை அவருக்கு நான் நடத்த வேண்டியதில்லை.
வட்டிக்கணக்கைத் தலைகீழாய்ப் போட்ட மாதிரி.
ஆனால் கேட்டார்:
"அசல் எவ்வளவுன்னு யார் பார்த்தது?"
நல்ல கேள்வி.
மர வளையங்களை எண்ணியவர்களைத் தேடிப் படித்து
இரண்டு ராத்திரி தூங்கவில்லை நான்.

ஆடியில் பதில் வந்தது.
கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை.
ஆறாயிரத்து நானூற்று முப்பது,
நாற்பது கூடக் குறைய.

சார் ஜிலேபி வாங்கி வந்தார்.
"ஆறாயிரத்துச் சொச்சம்! உங்க கருவியே சொல்லிடுச்சு."
டெல்டா சின்னப் பெண், சார்,
நேற்று ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்,
இதன் வயது பூமியின் வயதில்லை என்றேன்.
வாயில் ஜிலேபியோடு யாரும் கேட்கவில்லை.

அடிக்குறிப்பை நான் மட்டும் படித்தேன்.
மற்ற திருத்தங்கள் போட்டாயிற்று,
கடல் திருத்தம் போடவில்லை.
ஆழத்தில் கிடக்கும் பழைய நீர்
மேலே புரண்டு வர நூற்றாண்டுகள் ஆகும்.
அதிலிருந்து ஓடு கட்டுகிற பிராணிக்குப்
பிறந்த அன்றே நானூறு வயது.
அதைக் கழிக்க வேண்டும்.
கழித்தால் ஆறாயிரத்து முப்பது.

மடித்துப் பையில் வைத்தேன்.
ஐந்தாம் பீரியட் முடிகிறவரை பையில் இருந்தது.
பிறகு கொண்டுபோய்க் காட்டினேன்.

"கழிச்சா என் பக்கம்தானே வருது?
ஏன் சொல்றீங்க?"
கழிக்கணும், சார்.
ஒரு தாளை எடுத்து அவரே கழித்துப் பார்த்தார்.
மீதி ஜிலேபியை யாரும் தொடவில்லை,
எறும்பு வந்தது.

புரட்டாசியில் மறுபடி லாரி.
நிற்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்.
அறுபது தாண்டியது, நூறு தாண்டியது,
குவியல்கள் வரப்பு முனை திரும்பிப்
பக்கத்து வயலுக்குள் போயின.
இருநூற்றுப் பத்தில் செம்மணல்.
"இது எவ்வளவு இருக்கும், டீச்சர்?"
தெரியாது, சார். ரொம்பப் பழசென்றால் கார்பன் பேசாது,
வேறு கணக்கு வேண்டும்.
"ஆறாயிரத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"இன்னும் இறக்கவா? அடிக்கு நானூறு"
என்றான் லாரிக்காரன்.
சார் விரல்விட்டு எண்ணினார்,
வருஷத்தையா ரூபாயையா என்று நான் கேட்கவில்லை.

"இறக்கு" என்றார்.