பதினோரு நிமிடம்

ஜுபைல் முகாம், சி பிளாக், அறை பதினேழு.
இரவு ஷிப்டுக்காரர்கள் ஆறு பேர்.
ஜன்னலில் கம்பளியை அறைந்து
பகலை வெளியே நிறுத்திவிட்டுத் தூங்குகிறோம்.

யாரும் அலாரம் வைப்பதில்லை.
வைத்து, அடிதடியாகி,
ஒருமுறை கேம்ப் பாஸ் வரை போய்விட்டது.
மாலை நாலு மணிக்கு
இன்னாசி தன் லேப்டாப்பின் பொத்தானை அழுத்துவான்.
கரும்பு ஜூஸ் மிஷின் மாதிரி உறுமும்.
எங்களுக்கு அதுதான் விடியல்.

அவன் டைம்கீப்பர்.
ஐந்துக்குள் பெயர்ப்பட்டியலைத் திறந்தாக வேண்டும்.
வட்டம் சுற்றும். நிற்கும்.
அம்புக்குறி செத்த ஈயாய் ஒட்டிக் கிடக்கும்.
பாத்ரூம் வரிசையில் நின்று, குளித்து,
தலை துவட்டிக்கொண்டு வரும்போதும்
சுற்றிக்கொண்டே இருக்கும்.
பதினோரு நிமிடம். நான் எண்ணியிருக்கிறேன்.

"என்னன்னுதான் பாரேன்" என்றான் ஒரு வெள்ளிக்கிழமை.

அது எழும்போதே கூட எழுகிறவர்கள் பதினாறு பேர்.
மூடிப்போன கம்பெனியின் வருகைப் பதிவு,
விற்றுவிட்ட பிரிண்டரின் ஏவலாள்,
போன லீவில் மகன் ஏற்றிவிட்ட கார் பந்தயம்,
ஒருவரையொருவர் நம்பாத
இரண்டு வைரஸ் காவலாளிகள்.
"நீ எழ வேண்டாம், படு" என்று
ஒவ்வொருவராய் அணைத்தேன்.

அடிமூடியைக் கழற்றினால்
ஃபேன் இறக்கைகளுக்கிடையே பாலைவனம்.
பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டித் தட்டினேன்.
செய்தித்தாளில் விழுந்தது
ஒரு தேக்கரண்டி சவூதி அரேபியா.
பழைய டிஸ்க்கைப் பெயர்த்தெடுத்து
தொண்ணூறு ரியால் எஸ்எஸ்டி ஒன்றைக் குடிவைத்தேன்.

பத்தொன்பது நொடி.
சத்தமே இல்லை.
அதன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தான் இன்னாசி,
உயிர் இருக்கிறதா என்று.

சனிக்கிழமை
அழுத்தினான், திறந்தது,
குளித்தான், பட்டியலைத் தயார் செய்தான்,
எல்லாம் சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில்
முதல் ஆளாய்ப் பஸ்ஸில் போய் உட்கார்ந்தான்.
நாங்கள் கண் விழித்தபோது ஐந்தே முக்கால்.
பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு.

ஐந்து பேருக்கும் அரைநாள் சம்பளம் போச்சு.
தாமதம், தாமதம் என்று
அவன்தான் அடித்திருக்கிறான்,
என் பெயருக்கு நேராகவும்,
நான் துடைத்துக் கொடுத்த கீபோர்டில்.

அன்று சாப்பிடும்போது யாரும் பேசவில்லை.
சாம்பார் கரண்டி மட்டும் பேசியது.
கை கழுவப் போகும்போது கேட்டான்:
"வேகம் இருக்கட்டும்.
அந்தச் சத்தத்தை மட்டும் திரும்ப வைக்க முடியுமா?"

முடியாது.

இப்போது நாலு மணிக்கு
திறந்த பட்டியலை இருட்டில் உரக்கப் படிக்கிறான்,
திரை வெளிச்சம் தாடையில் பட,
எண்ணும் பெயருமாய்.
போர்வைக்குள்ளிருந்து
மூன்றாம் வகுப்புக் குரலில் சொல்கிறேன்:
"உள்ளேன் ஐயா."

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, வேலாயுதபெருமாள்.
பதில் இல்லை. புரண்டு படுக்கிறார்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
அவருக்கு இன்னும்
பதினோரு நிமிடம்.