நாலேகால் ஜீப்

நாலேகாலுக்கு ஹாரன் அடிப்பான் சொக்கராசு.
ரெண்டு தடவை. மூன்றாவது கிடையாது.

அந்த ரெண்டு சத்தத்துக்காகப்
பத்து மணியிலிருந்து விழித்துக் கிடப்பேன்.
இப்போது தூங்கினால் அஞ்சு மணி நேரம்.
இப்போது தூங்கினால் நாலு.
போனைக் கவிழ்த்து வைத்தாலும்
ஓரத்தில் மணி கசியும்.
பக்கத்தில் அவர்,
சில்லறை எண்ணுகிறவர்போல
விட்டுவிட்டுக் குறட்டை.

பிறகு கம்பமெட்டு வளைவுகள்
ஒவ்வொன்றாக ஏறி வரும், பாயிலேயே.
பதினாலு பேர் அடைத்த வண்டியில்
என் முழங்கால் ஒன்று எப்போதும் வெளியேதான்.
பங்குனியில் உருண்டது ஒரு ஜீப்.
அன்று எனக்குக் காய்ச்சல்.
என் இடத்தில் உட்கார்ந்து போனவள் பேரை
இதில் எழுத மாட்டேன்.

தூங்காத கண்ணுக்கு
ஏலத்தில் விளைந்தது எது, பிஞ்சு எது, தெரியாது.
"கண்ணு காணான் மேலே?" என்பார் கங்காணி.
அவர்கள் பேச்சில் அது 'முடியாதா' என்று கேட்பது.
எனக்கு மேலே என்றால் மலைதான்.
கூலியில் அம்பது பிடிப்பார்.
அந்த அம்பது அன்று ராத்திரி
என்னோடு வந்து படுக்கும்.

ஒரு வியாழக்கிழமை, ஒன்றரை மணிக்கு,
பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தேன்.
தூங்கவே போவதில்லை, போ
என்று யாருக்கோ சொன்னேன்.
கதவைத் திறந்தால் திராட்சைப் பந்தலில் காற்று,
மருந்தடித்த வாடை.
மெட்டில் ஏறும் ஒரு லாரியின் வெளிச்சம்
மலையைத் தடவித் தடவிப் போனது.
'நாளைக்கு நான் வரலை' என்று
வீருசின்னுவுக்குப் பேசி அனுப்பினேன்.
காலையில் கேட்பாள் என்று நினைத்தேன்.
உடனே நீல டிக்.
"நீயுமாடி?" என்றாள்.

பங்குனியிலிருந்தாம். அடுத்த தெருவில்.
அவளும் மணியைக் கழித்துக் கழித்து.

பேசி வைத்தோம்:
ஒரு ராத்திரி அவள் முழித்திருந்து என்னை எழுப்புவாள்,
மறு ராத்திரி நான் அவளை.
அவள் முறையில் தூங்கினேன்,
தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கினதுபோல.

என் முறை வந்தது.
முழித்துத்தானே இருக்கணும் என்று
சுவரில் முதுகு வைத்து உட்கார்ந்தேன்.
அஞ்சு, நாலு, எதையும் எண்ண வேண்டியதில்லை.

கழுத்து வலித்து விழித்தேன்.
வெளியே ஹாரன்.
முதலாவதா ரெண்டாவதா தெரியவில்லை.
வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினால்
சந்து முனையில் அவளும் ஓடி வருகிறாள்,
ஒரு செருப்போடு,
தூக்கம் அப்பிய முகத்தோடு.

சொக்கராசு
மூன்றாவது அடித்தான்.