பதிமூன்றாவது மணி நேரம்

காந்தி ரோட்டில் என் கடை
மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.
பலகையில் தமிழைவிட வங்காள எழுத்து பெரிது.
வருகிறவர்கள் அப்படி.

வியாழக்கிழமை வந்தார் பிரஜேந்திர தேப்நாத்,
திரிபுராவில் மேலாகர், மீன்வலைக் கடை.
கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
வேலூர் விமான நிலையம் – அகர்தலா விமான நிலையம்:
ஆயிரத்து எழுநூற்று எழுபது கிலோமீட்டர்,
இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம்.
"இதில் இரண்டு டிக்கெட்."

எப்படிச் சொல்ல.
அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை உண்டு.
வேலி உண்டு, வேலிக்குக் காவல் உண்டு.
ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு ராஜாவில்லை என்று
எங்களை நாங்களே கேலி பேசுவோம்,
அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.
என் வங்காளத்தில் அது வேடிக்கையாக வரவில்லை.
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கணக்குப் போட்டவனுக்கு விமானம் எதற்கு,
இரண்டு புள்ளி கிடைத்தால்
கோடு இழுத்துவிடுகிறான்.

பழைய பில்லின் முதுகில் எழுதிக் காட்டினேன்.
லாட்ஜிலிருந்து மீனம்பாக்கம், டாக்ஸியில் மூன்று மணி நேரம்,
ஸ்ரீபெரும்புதூர் விட்டால்.
முன்னதாகப் போய்க் காத்திருக்க இரண்டு.
கொல்கத்தாவுக்கு இரண்டு இருபது.
அங்கே அடுத்த விமானத்துக்கு மூன்று.
அகர்தலாவுக்கு ஒன்று.
அதற்கு மேல் உங்கள் ஊர் ரோடு, எனக்கென்ன தெரியும்.
"ஒன்றே முக்கால்" என்றார்.
பதிமூன்று. ஐந்து நிமிடத்தைத் தள்ளிவிடலாம்.

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து
அந்தக் கூட்டலின் மேல் வைத்தார்.
ஒன்று நான்கு மணி நேரம் தாங்குமாம்.
நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடவே கூடாதென்று
டாக்டர் வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுத்திருக்கிறார்.

மும்நான்கு பன்னிரண்டு.

மிச்சமுள்ள ஒரு மணி நேரத்தை
எங்கே வைப்பதென்று பார்த்தோம்.
டாக்ஸியிலா? காட்பாடி தாண்டுமுன்பே திரும்பச் சொல்லிவிடுவார்.
விமானத்திலா? வாசலில் முகத்தைப் பார்த்து
ஏற்றமாட்டேன் என்பார்கள்; போன மாதம் ஒருவருக்கு நடந்தது.
கொல்கத்தாவில், சக்கர நாற்காலியில், அத்தனை கூட்டத்தில்
வேண்டாம் என்றார் அவரே.
அட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தினோம்,
வீட்டில் பீரோ நகர்த்துகிறவர்கள் மாதிரி.

ஜூதிகா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.
உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது.
ஸ்கேன் பையால் வெயிலை மறைத்துக்கொண்டு
அவர் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"கடைசியில் வையுங்கள்," என்றார்,
"மேலாகர் ரோட்டில்.
அங்கே ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும்.
வருவதற்கு முன்னாலேயே பல்லைக் கடித்துக்கொள்வேன்."

நான் சக்கர நாற்காலிக் கட்டத்தைத் தொட்டேன்.
ஓர இருக்கைக்கு முந்நூற்றைம்பது கூடுதல், சரி என்றார்.
பிரின்டர் வழக்கம்போல் காகிதத்தை மென்றது,
இரண்டாம் முறை விட்டது.

டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்த பிறகு
அந்தப் பழைய பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.
அதன் மறுபக்கத்தில்
யாரோ ஒரு கவுஹாத்திக்காரர் கட்டி முடித்த பாக்கி.